‘கமரா கண்டுபிடிக்கப்படவில்லை’: ஒரு வயருக்குள் ஓடும் வரலாறு

அன்ட்ரொயிட் போனை வயரில் கொழுவி லப்டொப்பில் செருகினால் திரையில் ஒரு கேள்வி வரும். வெறும் சார்ஜா, கோப்புப் பரிமாற்றமா, பி.ரி.பியா? எங்களில் அநேகமானோர் கோப்புப் பரிமாற்றத்தை அழுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அந்தக் கடைசிச் சொல் என்ன, அது ஏன் அங்கே நிற்கிறது எண்டு ஆரும் கேட்பதில்லை. அதே நாங்கள்தான், ஒரு டி.எஸ்.எல்.ஆர் கமராவை இரவல் வாங்கி நிகழ்வொன்றைப் படமெடுத்துவிட்டு, அதைக் கணினியில் செருகி, எடிட் பண்ணுகிற மென்பொருளைத் திறந்து, ‘கமரா கண்டுபிடிக்கப்படவில்லை’ என்ற வரியைப் பார்த்தபடி இருப்போம். வயரை மாற்றிப் பார்ப்போம். கமராவை நிறுத்திப் போடுவோம். கடைசியில் ‘இந்தக் கமரா சரியில்லை’ எண்டு தீர்ப்புச் சொல்லுவோம்.

கமரா பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். கணினிக்குக் கண் இல்லை. அது ஒரு கருவியை ‘அடையாளம் காண்கிறது’ என்றால், அந்தக் கருவி பேசும் மொழி அதற்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்த மொழியை யாரோ எழுதியிருக்கவேண்டும். இரண்டு பக்கமும் அதற்குச் சம்மதித்திருக்கவேண்டும். சம்மதம் இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல கமராவும் கணினியின் முன்னால் ஊமைதான்.

கடந்த ஐம்பது வருடத்தில் இந்தச் சம்மதம் எப்படி உருவானது, எங்கே உடைந்தது, உடைத்தவர்கள் யார், ஒட்டவைத்தவர்கள் யார் என்பதே இந்தக் கட்டுரை. தொழில்நுட்பக் கதைபோலத் தெரிந்தாலும், எடுத்த படம் எடுத்தவருக்குச் சொந்தமா, கமரா செய்த கொம்பனிக்குச் சொந்தமா என்ற கேள்வியே இதற்குள் ஓடுகிறது.

ரி.வியில் தெரிந்த முதல் படம்

1975 டிசம்பரில் கொடாக் கொம்பனியின் இளம் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன், டிஜிட்டல் கமரா என்று நாம் இன்று அழைக்கும் பொருளின் முதல் உருவத்தைச் செய்து முடித்தார். அப்போது அவருக்கு வயது 25. மூன்றரைக் கிலோவைத் தாண்டிய பெட்டி அது. அகலத்தில் 100, உயரத்தில் 100 என மொத்தம் 10,000 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். ஒரு படத்தைப் பதிவதற்கு 23 செக்கன் எடுத்தது. பதிந்த இடம் நம்முடைய அப்பாமார் பாட்டுக் கேட்ட அதே வகைக் கசெற் நாடா.

இந்தக் கதையை எல்லாரும் கமராவோடு நிறுத்திவிடுவார்கள். மிச்சத்தையும் பார்க்கவேண்டும். கசெற்றில் பதிந்த படத்தை எப்படிப் பார்ப்பது? அதற்காகத் தனியாக ஒரு இயந்திரத்தைச் செய்து, அதை ரி.வியோடு இணைத்தார்கள். கமரா எழுதியதை வாசிக்க உலகத்தில் அந்த ஒரு இயந்திரம்தான் இருந்தது. ஃபிலிமில் இந்தப் பிரச்சினை இல்லை. நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்தால் உருவம் தெரியும். டிஜிட்டல் படமோ, வாசிக்கத் தெரிந்த இன்னொரு இயந்திரம் இல்லாவிட்டால் வெறும் எண்களின் வரிசை. ஆகவே முதல் நாளிலிருந்தே டிஜிட்டல் கமரா தனி ஆள் இல்லை. அதற்கு ஒரு துணை வேண்டியிருந்தது.

1981 இல் சோனி காட்டிய மவிகா கமராவும் ரி.வியைத்தான் துணையாக வைத்திருந்தது. அது உண்மையில் டிஜிட்டல் இல்லை. சிறிய காந்தத் தட்டு ஒன்றில் வீடியோ சமிக்ஞையாகப் படத்தை எழுதும் கருவி அது. கணினி அப்போது இந்தக் கூட்டுக்குள் வரவில்லை.

ஒவ்வொரு கமராவுக்கும் ஒரு வயர், ஒரு டிஸ்க்

1990 இல் வந்த டைகாம் மொடல் 1 என்ற கமராதான், சாதாரண ஆட்கள் கடையில் வாங்கிக் கணினியில் நேரடியாகச் செருகக்கூடியதாக வந்தவற்றில் முன்னோடி. லொஜிரெக் நிறுவனம் இதையே ஃபோட்டோமான் என்ற பெயரில் விற்றது. கறுப்பு வெள்ளையில் 32 படம் எடுக்கலாம். படங்கள் கமராவின் தற்காலிக நினைவகத்தில் இருந்ததால், பற்றரி முழுதாகத் தீர்ந்தால் படமும் போய்விடும். கணினிக்கு மாற்றுவதைத் தவிர அவற்றைக் காப்பாற்ற வேறு வழியே கிடையாது.

அடுத்த வருடம் கொடாக் பத்திரிகைப் படப்பிடிப்பாளர்களுக்காக டி.சி.எஸ் என்ற கமராவை வெளியிட்டது. நிக்கொன் எஃப் 3 உடலுக்குள் 1.3 மெகாபிக்சல் உணரி. படங்களைச் சேமிக்க 200 மெகாபைற் வன்தட்டு ஒன்று; அதைத் தனிப் பெட்டியாகத் தோளில் மாட்டிக்கொண்டு திரியவேண்டும். 1994 இல் அப்பிள் நிறுவனத்தின் குயிக்ரேக் 100 வந்தது. 640க்கு 480 அளவில் எட்டே எட்டுப் படம். பின்னால் திரை கிடையாது. என்ன எடுத்தோம் எண்டு பார்க்கவே கணினியில் செருகவேண்டும்.

இந்தக் கமராக்களில் பல, கணினியின் பின்பக்கத்தில் இருந்த சீரியல் போர்ட் என்ற வாயிலைத்தான் பயன்படுத்தின. அதன் வழமையான உச்ச வேகம் செக்கனுக்கு 115,200 பிற். கணக்குப் பார்த்தால், ஒரு மெகாபைற் படம் ஒன்றை இறக்கவே ஏறத்தாழ ஒன்றரை நிமிடம். வேகத்தைவிடப் பெரிய தலையிடி வேறு. இந்த வாயிலுக்கு, தன்னில் என்ன செருகியிருக்கிறது என்றே தெரியாது. மௌசா, மொடமா, கமராவா? நாங்கள்தான் மென்பொருளுக்குள் போய், முதலாவது போர்ட்டில் இருக்கிறதா, இரண்டாவதிலா எண்டு சொல்லிக்கொடுக்கவேண்டும். தவறாகச் சொன்னால் ‘கமரா இல்லை’ என்று பதில் வரும்.

அதோடு ஒவ்வொரு கொம்பனியும் தனக்கென ஒரு மொழி வைத்திருந்தது. பெட்டிக்குள் கமராவோடு ஒரு வயரும் ஒரு டிஸ்க்கும் வரும். அந்த டிஸ்க் தொலைந்தால் கமராவும் தொலைந்த மாதிரித்தான். புதிய விண்டோஸ் வந்து பழைய டிஸ்க் அதில் ஓடாவிட்டாலும் அதே கதை.

இரண்டு பேரைச் சேர்த்துவைத்த ட்வெயின்

படம் திருத்தும் மென்பொருள்கள் இதே காலத்தில் பிறந்தவைதான். போட்டோஷொப்பின் முதற்பதிப்பு 1990 இல் வந்தது. அதற்கு முன்பே அது ஒரு ஸ்கேனர் கொம்பனியின் ஸ்கேனரோடு சேர்த்துச் சிறிய அளவில் விநியோகிக்கப்பட்டிருந்தது. அந்த நாட்களில் படம் கணினிக்குள் வரும் பெரிய வாசல் ஸ்கேனர்தான்.

இப்போது ஒரு கணக்கு. சந்தையில் பத்து மென்பொருள், பத்துக் கருவி இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒவ்வொரு கருவியின் மொழியையும் படிப்பிப்பதானால் நூறு மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும். நடுவில் ஒரு பொதுமொழி இருந்தால், மென்பொருளுக்குப் பத்து, கருவிக்குப் பத்து என இருபது பேர் போதும். இந்தக் கணக்கைத்தான் அல்டஸ், கேயர், கொடாக், எச்.பி, லொஜிரெக் ஆகிய நிறுவனங்கள் கூடி யோசித்தன. 1992 இல் ட்வெயின் என்ற பொது ஏற்பாடு வெளியானது. பெயரின் வேர் கிப்ளிங்கின் கவிதையொன்றில் வரும் பழைய ஆங்கிலச் சொல். ‘இரண்டு’ என்று பொருள். ஒன்றுசேரவே மாட்டாது என்று நினைத்த இரண்டை, அதாவது கருவியையும் மென்பொருளையும், சேர்த்துவைக்கிற வேலை என்பதற்காக அந்தப் பெயர்.

போட்டோஷொப்பின் ‘இம்போர்ட்’ பட்டியலில் ஸ்கேனரின் பெயரோ கமராவின் பெயரோ தோன்றியது இதனால்தான். ஆனால் ட்வெயின் ஒரு மேசையைப் போட்டுக்கொடுத்ததே தவிர, அந்த மேசையில் வந்து இருக்கவேண்டியது ஒவ்வொரு கொம்பனியும் எழுதும் ட்ரைவர்தான். கொம்பனி ட்ரைவர் எழுதுவதை நிறுத்தினால் நாற்காலி காலி. பின்னாட்களில் 64 பிற் மென்பொருள்கள் வந்தபோது இது வெளிப்படையாகவே நடந்தது. 64 பிற் மென்பொருளால் 32 பிற் ட்ரைவரை ஏற்ற முடியாது. நேற்றுவரை வேலைசெய்த கருவி, ஒரு திருகாணிகூடக் கழராமல், இன்று கணினிக்கு அந்நியமானது. பழுதானது கருவி இல்லை, ஒப்பந்தம்.

டி.சி.ஐ.எம்: ஒரு போல்டரின் அரசியல்

1996 இல் யூ.எஸ்.பியின் முதற்பதிப்பு வெளியானது. 1998 இல் அப்பிள் தன் ஐமக் கணினியிலிருந்து பழைய சீரியல் வாயில்களைத் தூக்கிவிட்டு யூ.எஸ்.பியை வைத்தது. யூ.எஸ்.பி செய்த பெரிய காரியம் வேகம் மட்டுமில்லை. செருகியவுடன் கருவி தானே தன்னை அறிமுகப்படுத்தவேண்டும் என்று அது விதித்தது. தயாரித்தவருக்கு ஓர் இலக்கம், மொடலுக்கு ஓர் இலக்கம், அதோடு ‘நான் எந்த வகை’ என்பதற்கும் ஓர் இலக்கம். வகை இலக்கம் எட்டு என்றால் சேமிப்புக் கருவி, ஆறு என்றால் படக் கருவி. இந்த எட்டும் ஆறும் கதையில் திரும்ப வரும், நினைவில் வைத்திருங்கள்.

அதே 1998 இல் யப்பானில் இன்னொரு சத்தமில்லாத வேலை நடந்தது. அங்குள்ள மின்னணுத் தொழில் சங்கமான ஜெய்டா, கமராக்கள் மெமரி காட்டில் படங்களை எப்படி அடுக்கவேண்டும் என்று ஒரு விதியை வெளியிட்டது. எல்லாக் கமராவும் டி.சி.ஐ.எம் என்ற பெயரில் ஒரு போல்டரைத் திறக்கவேண்டும். அதற்குள் 100 முதல் 999 வரை மூன்று இலக்கத்தில் தொடங்கும் போல்டர்கள். அதற்குள் நான்கு எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட பெயரில் படங்கள்.

உங்கள் போனைத் திறந்து பாருங்கள். டி.சி.ஐ.எம் இன்றைக்கும் அங்கே இருக்கும். பழைய கமராக் காட் ஒன்றில் ‘ஐ.எம்.ஜி’ என்றோ ‘டி.எஸ்.சி’ என்றோ தொடங்கி நான்கு இலக்கத்தில் முடியும் பெயர்களை எல்லாரும் பார்த்திருப்போம். அது ஒரு கொம்பனியின் பழக்கம் அல்ல, சந்தையில் ஒன்றையொன்று விழுத்தப் போட்டிபோட்ட கொம்பனிகள் கூடிச் செய்த சம்மதம். இந்தச் சம்மதம் இருந்ததால்தான், ஒரு கமராவின் காட்டை இன்னொரு கமராவில் போட்டுப் பார்க்கவும், எந்தக் காட்ரீடரில் செருகினாலும் எந்த மென்பொருளும் ‘படம் இங்கேதான் இருக்கும்’ என்று நேரே அந்தப் போல்டருக்குப் போகவும் முடிந்தது. பெயரில்லாத தெருவுக்கு விலாசம் கொடுத்த மாதிரி.

அந்தக் கடைசிச் சொல்

எட்டாம் இலக்கக் கமரா, அதாவது தன்னைச் சேமிப்புக் கருவி என்று சொல்லும் கமரா, ஒரு பென்ட்ரைவ் போல நடக்கும். தன் காட்டை முழுதாகக் கணினியிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருக்கும். இது எளிது. ஆனால் ஒரே வீட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு எசமானர்கள் இருக்க முடியாது. கணினி காட்டைப் பிடித்திருக்கும்வரை கமராவால் அதில் எழுத முடியாது. எழுதிக்கொண்டிருக்கும்போது வயரைக் கழற்றினால் காட்டின் அட்டவணையே குழம்பிப்போகலாம்.

2000ஆம் ஆண்டளவில் இதற்கு மாற்றாக வந்ததுதான் பி.ரி.பி. படப் பரிமாற்ற நெறிமுறை என்று தமிழில் சொல்லலாம். பின்னர் ஐ.எஸ்.ஓ அதைச் சர்வதேச நியமமாக ஏற்றது. இது ஆறாம் இலக்கத்தின் மொழி. இதில் கமரா தன் காட்டைக் கொடுக்காது. கடைக்காரர் மாதிரி உள்ளே நின்றுகொண்டு, கேட்டதை எடுத்துத் தரும். ‘என்னென்ன இருக்கு?’ என்று கணினி கேட்டால் பட்டியல் தரும். ‘இருபதாவதைத் தா’ என்றால் அந்தப் படத்தைத் தரும். விண்டோஸ் எக்ஸ்பியும் அப்பிளின் மக் ஓ.எஸ் எக்ஸும் இந்த மொழியைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டதால், பெட்டிக்குள் வந்த டிஸ்க்குகளை முதன்முதலாக மறக்க முடிந்தது.

இதன் பிள்ளைதான் போனில் நாம் அழுத்தும் ‘கோப்புப் பரிமாற்றம்’. மைக்ரோசொஃப்ட் பி.ரி.பியை விரித்துப் பாட்டுக்கும் வீடியோவுக்கும் ஏற்றபடி எம்.ரி.பியாக மாற்றியது. 2011 தொடக்கம் அன்ட்ரொயிட் போன்கள் பென்ட்ரைவ் முறையைக் கைவிட்டு அதற்கு மாறின. காரணம் அதே இரண்டு எசமானர் பிரச்சினைதான். போனின் சேமிப்பகத்தைக் கணினி பிடித்துக்கொண்டால் போனில் உள்ள செயலிகள் என்ன செய்யிறது? ஐபோனை விண்டோஸில் செருகினால் அது இன்றைக்கும் தன்னை ஒரு டிஜிட்டல் கமரா என்றே சொல்லிக்கொள்கிறது.

சரி, இவ்வளவு நல்ல பொதுமொழி இருந்தும் ‘கமரா கண்டுபிடிக்கப்படவில்லை’ என்று ஏன் வருகிறது?

முதற்காரணம், இந்த மொழியில் கமராவோடு ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பேச முடியும். கமராவைச் செருகியவுடன் இயங்குதளமே ஓடிப்போய் அதைப் பிடித்துவிடும். லினக்ஸில் கோப்பு உலாவி, மக்கில் பின்னால் ஓடும் படச்சேவை, சிலவேளை கமராக் கொம்பனியின் சொந்த மென்பொருள். நாம் திறக்கும் எடிட்டர் வந்து கதவைத் தட்டும்போது லைன் பிஸி. முதலில் பிடித்ததை மூடினால் இரண்டாவதுக்கு வழி கிடைக்கும்.

இரண்டாவது காரணம் வரலாற்றில் இருக்கிறது. பி.ரி.பியை எழுதியவர்கள், கொம்பனிகள் தங்கள் சொந்தச் சொற்களைச் சேர்த்துக்கொள்ளவும் இடம் விட்டார்கள். படத்தைப் பிரதிபண்ணுவது பொதுச்சொல். ஆனால் கணினியிலிருந்து கமராவை இயக்குவது, துளையை மாற்றுவது, எடுத்த படம் உடனே திரையில் விழுவது போன்றவற்றில் பெரும்பகுதியைக் கொம்பனிகள் தங்கள் சொந்தச் சொற்களுக்குள் வைத்துக்கொண்டன. ஆகவே கணினி கமராவைக் காணும், போல்டர் திறக்கும், எடிட்டரின் நேரடிப் படப்பிடிப்பு மட்டும் ‘இல்லை’ என்று சொல்லும். லைற்ரூம் மென்பொருளுக்கு இந்த வசதி 2010 இல் அதன் மூன்றாவது பதிப்பில்தான் வந்தது. அதுவும் கனன், நிக்கொன் கமராக்களில் குறிப்பிட்ட சில மொடல்களுக்கு மட்டும். அகராதி கிடைத்த மொடல் பேசும், மற்றது பேசாது.

மூன்றாவது காரணத்தில் வரலாறு ஒன்றுமில்லை. சில மலிவு வயர்களுக்குள் மின்சாரத்துக்கான கம்பி மட்டும்தான் இருக்கும், தகவலுக்கான கம்பி இருக்காது. சார்ஜ் ஏறும், படம் வராது.

பூட்டுப் போட்ட படம்

கமராவிலிருந்து படம் கணினிக்கு வந்துவிட்டது என்று வையுங்கள். அப்போதும் எடிட்டர் அதைத் திறக்க மறுக்கலாம். இங்கேதான் ‘றோ’ வருகிறது. (இந்திய உளவுத்துறை இல்லை, சமைக்காத கோப்பு.) ஜேபெக் என்பது கமரா தானே சமைத்துத் தரும் சாப்பாடு. றோ என்பது உணரி பதிந்த எண்களை அப்படியே தரும் அரிசி. திருத்துவதற்கு றோதான் நல்லது. ஆனால் ஒவ்வொரு கொம்பனியும், சிலவேளை ஒவ்வொரு மொடலும், அந்த எண்களை வேறுவேறு விதமாக அடுக்குகிறது. அடுக்கிய விதத்தைக் கொம்பனிகள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை.

1997 இல் டேவ் கொஃபின் என்ற அமெரிக்க நிரலாளர் இந்தப் பூட்டுகளைத் தனியாளாகத் திறக்கத் தொடங்கினார். அவர் எழுதிய டி.சி.றோ, சி மொழியில் எழுதிய ஒரே ஒரு கோப்பு. ஒவ்வொரு புதிய கமராவும் வெளிவரும்போது அதன் கோப்பை எண் எண்ணாக ஆராய்ந்து, அது அடுக்கிய முறையைக் கண்டுபிடித்து, அந்தக் கோப்பில் சேர்ப்பார். இருபது வருடத்துக்கு மேல், 2018 வரை, இதைச் செய்தார். யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். பல மென்பொருள்கள் அதைத் தங்களுக்குள் வைத்துக்கொண்டன. அதிலிருந்து கிளைத்த லிப்றோ என்ற நிரல்தொகுதி இன்றும் வளர்கிறது. பெரிய நிறுவனமான அடோபி, போட்டோஷொப்பை முதலில் எழுதிய தோமஸ் நோலைக் கொண்டு கமரா றோ என்ற சேர்ப்பை வெளியிட்டது 2003 இல்தான். அப்போது அதற்குத் தனிவிலை 99 டொலர்.

2005 இல் பிரச்சினை வெடித்தது. நிக்கொனின் டி2எக்ஸ் என்ற உயர்தரக் கமரா, றோ கோப்பில் இருந்த வெண்மைச் சமநிலைத் தகவலை மறைகுறியாக்கி எழுதியது. எந்த வெளிச்சத்தில் எடுத்தோம், எது வெள்ளை என்று கமரா கணித்து வைத்த குறிப்பு அது. அது இல்லாவிட்டால் படம் திறக்கும், நிறம் பிழைக்கும். தோமஸ் நோல் இதைப் பகிரங்கமாகவே கேள்விக்குள்ளாக்கினார். அடோபியிடம் திறமை இருந்தது. ஆனால் அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், பூட்டை உடைப்பதையே குற்றமாக்கி வைத்திருந்ததால் பயம். நிக்கொனோ, முறைப்படி கேட்டு வருபவர்களுக்குத் தங்கள் நிரற்கருவிகளைத் தருகிறோம்தானே என்றது. அடோபி தயங்கி நின்ற அந்த இடத்தில் டேவ் கொஃபினும், பிபிள் என்ற சிறிய மென்பொருளை எழுதியவரும் பூட்டைத் திறந்துவிட்டார்கள். பிறகு பெரிய கொம்பனிகள் இரண்டும் பேசி ஒரு வழிக்கு வந்தன.

அந்தச் சண்டையில் படப்பிடிப்பாளர்கள் எழுப்பிய கேள்வி எளிமையானது. கமராவைக் காசு கொடுத்து வாங்கியது நான். வெயிலில் நின்று படம் எடுத்தது நான். அந்தப் படத்தின் நிறத்தை வாசிக்க நான் ஏன் இன்னொருவரிடம் அனுமதி கேட்கவேண்டும்? அதே வருடத்தில் றோ அமைப்புகளைத் திறந்துவிடக் கோரும் ஓப்பன்றோ என்ற இயக்கமும் தொடங்கியது. அதற்கு முந்திய வருடமே அடோபி, எல்லாரும் பயன்படுத்தக்கூடிய பொது றோ வடிவமாக டி.என்.ஜியை முன்வைத்திருந்தது. சில கொம்பனிகள் ஏற்றன. கனனும் நிக்கொனும் தங்கள் வழியிலேயே போயின. 2018 இல் கனன் புதிய சி.ஆர்.3 வடிவத்தைக் கொண்டுவந்தபோது, கட்டற்ற மென்பொருள்காரர்கள் மறுபடியும் முதலிலிருந்து எண்களை ஆராயவேண்டி வந்தது.

அடோபியையும் இங்கே வீரனாக்கத் தேவையில்லை. ஒரே தடவை காசு கொடுத்து வாங்கக்கூடியதாக இருந்த லைற்ரூம் 6க்குப் புதிய கமராக்களைச் சேர்ப்பதை 2017 டிசம்பரோடு அது நிறுத்தியது. அதற்குப் பிறகு வந்த கமராவின் றோ அதில் நேரடியாகத் திறக்காது. மாதச்சந்தா கட்டுங்கள், இல்லாவிட்டால் இலவச மாற்றியில் டி.என்.ஜி ஆக்கிக் கொண்டுவாருங்கள் என்பதுதான் நிலை. ‘உங்கள் கமராவை எனக்குத் தெரியாது’ என்று ஒரு மென்பொருள் சொல்வது, சிலவேளை அறியாமை, சிலவேளை வியாபாரம்.

வயருக்கும் இப்படி ஒரு கூட்டம் இருந்தது. லினக்ஸ் பாவிப்பவர்களை அந்தக் காலத்தில் கமராக் கொம்பனிகள் கணக்கிலேயே எடுக்கவில்லை. 1990களின் கடைசியில் சில தன்னார்வலர்கள் ஜிஃபோட்டோ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். விண்டோஸில் கொம்பனியின் மென்பொருள் கமராவோடு பேசும்போது வயரில் போகும் எண்களை ஒட்டுக்கேட்டு, எந்த எண்ணுக்கு எந்தப் பதில் என்று பட்டியல் போட்டுச் சில கமராக்களின் மொழியைப் படித்தார்கள். இன்று அந்த நிரல்தொகுதிக்கு ஈராயிரத்துக்கும் மேற்பட்ட கமராக்களின் மொழி தெரியும். டிஜிகாம், டார்க்டேபிள் போன்ற இலவச எடிட்டர்கள் கமராவோடு பேசுவது இதன் வாயால்தான். 2020 இல் பெருந்தொற்றுக் காலத்தில் எல்லாரும் சூமுக்குள் ஒடுங்கியபோது, கனன் உள்ளிட்ட கொம்பனிகள் கமராவை வெப்காம் ஆக்கும் மென்பொருள்களை அவசரமாக வெளியிட்டன. ஜிஃபோட்டோ பாவிப்பவர்கள் அதற்கு முன்பே அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

எங்களுக்கு இது புதிதில்லை

இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கதையை விளங்கப்படுத்தப் பெரிதாகச் சிரமப்படத் தேவையில்லை. எங்கள் எழுத்துக்கே இது நடந்திருக்கிறது. பாமினி எழுத்துருவில் ரைப் பண்ணிய பழைய கோப்பு ஒன்றை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள். வாசிக்க முடியாத ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். தமிழ் அழிந்துபோகவில்லை, உள்ளேதான் இருக்கிறது. அதை வாசிக்கும் சம்மதம் அந்தக் கணினியில் இல்லை, அவ்வளவுதான். யுனிகோட் என்ற பொதுச் சம்மதம் பரவலான பிறகுதான், ஒருவர் எழுதிய தமிழ் இன்னொருவரின் திரையில் கேள்வி கேட்காமல் தமிழாகவே விழுந்தது. இந்தக் கட்டுரையை நீங்கள் போனில் வாசிப்பதும் அதனால்தான். எழுத்துருமாற்றிகளை எழுதி இலவசமாகக் கொடுத்தவர்களும், டேவ் கொஃபினும் ஒரே இனத்து ஆட்கள் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

படங்களில் அந்தப் பாமினிக் காலத்தை நாங்கள் இன்னும் தாண்டவில்லை. இரண்டாயிரங்களில் எடுத்த எத்தனையோ குடும்பப் படங்கள், கோயில் திருவிழாக்கள், பிரிவுபசாரங்கள், இப்போது இல்லாத வீடுகள், இப்போது இல்லாத ஆட்கள், பழைய காட்களிலும் சீடிகளிலும் வன்தட்டுகளிலும் கிடக்கின்றன. இடம்பெயர்ந்த வீடுகளில் அல்பம் தப்பியதே அபூர்வம். அந்தக் காலத்துக்கு ஒரே சாட்சியாக ஒரு மெமரி காட் மட்டும் மிஞ்சியிருக்கும் குடும்பங்களும் உண்டு. அதைச் செருகும்போது ‘கண்டுபிடிக்கப்படவில்லை’ என்று வரும் வரி, வெறும் தொழில்நுட்ப எரிச்சல் இல்லை.

ஆகவே இந்த வரலாற்றிலிருந்து சில கைப்பழக்கங்களை எடுத்துக்கொள்ளலாம். வயரோடு மல்லுக்கட்டுவதைவிடக் காட்டைக் கழற்றிக் காட்ரீடரில் போடுங்கள். அங்கே பேசவேண்டியது காட்டும் கணினியும்தான், கமராவின் மொழி தேவையில்லை. டி.சி.ஐ.எம் போல்டரை முழுதாகப் பிரதிபண்ணிய பிறகே எடிட்டரைத் திறவுங்கள். கணினி ‘காட்டை ஃபோர்மற் பண்ணவா?’ என்று கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள், அந்தக் கேள்விக்குப் படங்கள் உள்ளே இல்லை என்று அர்த்தமில்லை. வயரில்தான் எடுக்கவேண்டும் என்றால், கமராவின் மெனுவில் யூ.எஸ்.பி முறை என்ற இடத்தில் பி.ரி.பி, சேமிப்பகம் என இரண்டு தெரிவு இருக்கிறதா என்று பார்த்து மாற்றிப் பாருங்கள். எட்டு வேலைசெய்யாத இடத்தில் ஆறு வேலைசெய்யும். காசு கொடுத்த மென்பொருள் உங்கள் கமராவைத் தெரியாது என்றால், டார்க்டேபிளையோ டிஜிகாமையோ இறக்கி ஒருமுறை கேளுங்கள். முக்கியமான றோ படங்களுக்குப் பக்கத்தில் ஒரு ஜேபெக் பிரதியும் வைத்துவிடுங்கள். முப்பது வருடமாக எல்லாரும் வாசிக்கும் மொழி அது.

பழைய கமராவோ காட்டோ வீட்டில் இருந்தால் ‘இது இனி ஓடாது’ எண்டு எறிந்துவிடாதீர்கள். அதன் மொழியைப் படித்து வைத்திருக்கும் யாரோ ஒருவர், தான் ஒருபோதும் சந்திக்காத ஒருவருக்காக, அதை எங்கேயோ எழுதி வைத்திருக்கக்கூடும்.